ஜக் சில்லுன்னு இருந்துச்சு

ஒம்போதாம் நம்பர் பெட் மாமியோட ஜக்கைக் கையில எடுத்ததுமே ஏதோ தப்புன்னு எனக்குப் பட்டுச்சு. கையில ரெண்டு கிளவுஸ், ஒண்ணு மேல ஒண்ணு. ரெண்டையும் தாண்டி ஜக் சில்லுன்னு இருந்துச்சு.

அப்பத்தான் உடம்புல இருந்து வெளிய வந்த மூத்திரம். வெதுவெதுன்னுதான் இருக்கணும். ஒரு வருஷமா பன்னெண்டு பெட்டுக்கு இதைத்தான் எடுத்து ஊத்தி, பாத்து, கொட்டிக்கிட்டு இருக்கேன். நான் படிச்சது எட்டாவது வரைக்கும்தான். ஆனா இந்த விஷயத்துல என் கையை யாரும் ஏமாத்த முடியாது.

என் பேரு வடிவு. கள்ளக்குறிச்சிப் பக்கம். டெல்லிக்கு வந்து பத்தொம்போது வருஷம் ஆச்சு. திரிலோக்புரில ஒரு ரூம்ல தனியா இருக்கேன். மயூர் விஹார்ல நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சு, வீடு பெருக்கித் துடைச்சுக்கிட்டு இருந்தேன். கொரோனா வந்ததும் அந்த அபார்ட்மென்ட் சொசைட்டிக் கேட்டை மூடிட்டாங்க. வீட்டு வேலைக்காரங்க உள்ள வரக்கூடாதுன்னு போர்டு எழுதி மாட்டிட்டாங்க. ரெண்டு மாசம் போன் வரும் போன் வரும்னு பாத்தேன். வரல. அப்பத்தான் ஒரு ஆஸ்பத்திரில கொரோனா வார்டுக்கு ஆயா வேலைக்கு ஆளே கிடைக்கலைன்னு எங்க சந்துல ஒருத்தன் சொன்னான். சொசைட்டிக்குள்ள போகக்கூடாதுன்னாங்க, கொரோனா வார்டுக்குள்ள போகலாம்னாங்க. சரின்னு போயிட்டேன்.

பொம்பளைங்க வார்டு. காலையில எட்டு மணிக்கு அந்த வெள்ளை டிரஸ்ஸைப் போட்டுக்கிட்டு உள்ள போனா ரெண்டு மணிக்குத்தான் வெளிய வரணும். நடுவுல ஒரு வாய் தண்ணி கிடையாது, பாத்ரூம் கிடையாது. பெட்பான் வைக்கணும், எடுக்கணும். ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலயும் கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக் ஒண்ணு இருக்கும். அதுல ஊத்தி, எந்தக் கோடு வரைக்கும் வருதுன்னு பாத்து, சிஸ்டருக்குக் கேக்கற மாதிரி சத்தமாச் சொல்லணும். முகத்துல ரெண்டு மாஸ்க், அதுக்கு மேல பிளாஸ்டிக் தகடு, சத்தமாச் சொன்னாத்தான் கேக்கும். ப்ரசன்னா சிஸ்டர் சார்ட்டுல எழுதிக்குவாங்க. அவங்க கேரளாக்காரங்க. நான் தமிழ்ல சொல்லுவேன், அவங்க மலையாளத்துல திருப்பிச் சொல்லிக்கிட்டே இங்கிலீஷ்ல எழுதுவாங்க.

இருமல் வியாதிக்கு எதுக்கு மூத்திரத்தை அளக்கறாங்கன்னு முதல்ல எனக்கு விளங்கல. ஜெயந்த் டாக்டர்கிட்ட ஒரு நாள் கேட்டுட்டேன். சின்ன வயசு டாக்டர். தமிழ் ஆளுங்கதான், ஆனா டெல்லியிலயே பொறந்து வளந்தவரு. வீட்டுல அம்மாகிட்டக் கத்துக்கிட்ட தமிழு, வார்டு வரைக்கும் வரும், அதுக்கு மேல வராது.

"வடிவு அக்கா, இந்த வைரஸ் லங்ஸ் மட்டும் பிடிக்கறது இல்ல. கிட்னியும் பிடிக்குது. பிளட் ரிப்போர்ட் லேட்டா வரும். ஜக் லேட் ஆகாது," அப்படின்னாரு.

அன்னையில இருந்து அந்த ஜக்கு மேல எனக்கு ஒரு மரியாதை வந்துருச்சு. டாக்டருக்கு முன்னாடியே எனக்குத் தெரியற ஒரு விஷயம் உலகத்துல இருக்குன்னா அது அந்த ஜக்தான்.

மாமி வந்தது 2021 ஏப்ரல் கடைசியில. அந்த நேரம் டெல்லி எப்படிக் கெடந்துச்சுன்னு யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. கேட்டுக்கு வெளிய ஆட்டோவுக்குள்ளயே சிலிண்டரோட உக்காந்திருந்தாங்க ஜனங்க. மாமிக்கு ஒரு பெட்டு கிடைச்சதே பெரிய விஷயம். வைதேஹின்னு பேரு. அறுபத்திரெண்டு வயசு. மூக்குல ஆக்சிஜன், நாலு லிட்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சு. எழுந்து கட்டிலோரம் இருக்கற ஓட்டை போட்ட நாற்காலியில உக்காருவாங்க, அதுக்கு மேல நடக்க முடியாது.

டிரஸ் போட்டுட்டா யாரு எவருன்னே தெரியாதில்லையா, அதனால எல்லாருக்கும் முதுகுல மார்க்கர் பேனாவால பேரு எழுதிவிடுவாங்க, இந்தியில. மாமி படுத்துக்கிட்டே என் முதுகைப் படிச்சுட்டாங்க.

"வடிவா? நீ தமிழா?"

நான் ஆமான்னு திரும்பினேன்.

"அப்பாடா. வந்ததுலேர்ந்து எல்லாரும் என்னை ஆன்ட்டிஜி ஆன்ட்டிஜின்னு உயிரை வாங்கறா. நீயாவது மாமின்னு கூப்பிடு."

மயூர் விஹார்ல ஒரு தமிழ் ஸ்கூல்ல முப்பத்தியோரு வருஷம் கணக்கு டீச்சரா இருந்தாங்களாம். இன்னைக்கும் மார்க்கெட்டுல முப்பது வயசு ஆளு அவங்களைப் பாத்தா சிகரெட்டைக் கீழ போட்டுருவானாம். பரிச்சை ஹால்ல பிட்டு வச்சிருக்கற புள்ளைய வாசல்ல இருந்தே கண்டுபுடிச்சுருவாங்களாம், முகத்தைப் பாக்கத் தேவையில்ல, முழங்கையைப் பாத்தாப் போதும்னாங்க. வீட்டுக்காரரு விஸ்வநாதன் மூணு வருஷம் படுத்து இறந்துட்டாரு. ஒரே பொண்ணு ஷ்ருதி, துவாரகால இருக்கு. அதுக்கும் கொரோனா, வீட்டுக்குள்ள பூட்டிக்கிட்டு தினமும் போன் பண்ணும்.

எனக்கு அந்த ஆறு மணி நேரத்துல தமிழ் பேச ஒரு ஆளு கிடைச்சுது. ரூமுக்குப் போனா பேசறதுக்குச் செவருதான். அதனால ஒம்போதாம் நம்பர் பெட்டுக்கிட்ட நான் கொஞ்சம் கூடவே நின்னேன்னு வச்சுக்கங்க. ப்ரசன்னா சிஸ்டர் கூட, ஒம்போதுக்கு மட்டும் விரிப்பு சுருங்கவே சுருங்காது போலன்னு கேலி பண்ணாங்க.

பத்தாம் நம்பர்ல ஒரு பஞ்சாபி அம்மா. பெரிய உடம்பு, பெரிய குரல். வார்டுல எல்லாரையும், நாம கண்ணுன்னு கூப்பிடற மாதிரி, பேட்டா பேட்டான்னு கூப்பிடும். அதோட ஜக்குதான் நாளுக்கு நாள் இறங்கிக்கிட்டே வந்துச்சு. நூத்தம்பது, தொண்ணூறு, நாப்பது. செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் ரூமுக்குக் கொண்டு போகச் சொன்னாங்க. நான்தான் கட்டிலைத் தள்ளிக்கிட்டுப் போனேன். அங்க இருந்து ஐசியூவுக்கு மாத்திட்டாங்க. நான் கிளம்பறதுக்குள்ளயே பத்தாம் நம்பர்ல வேற விரிப்பு, வேற ஆளு.

மறுநாள் மாமி என்னைக் கூப்பிட்டு, பத்தாம் நம்பர் அம்மா ஜக்ல கடைசியா எவ்வளவு இருந்துச்சுன்னு கேட்டாங்க. நாப்பதுன்னேன். என்னோடது எவ்வளவுன்னாங்க. நூத்தி இருவதுன்னேன். நேத்து? இருநூறு. மாமி மேல ஓடற ஃபேனையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

அந்த நம்பரை நான் சொல்லியிருக்கக் கூடாது. கேட்டாங்க, சொல்லிட்டேன். சொல்றதுதானே என் வேலையா இருந்துச்சு.

அன்னைக்கு மதியத்துல இருந்தே மாமியோட ஜக் நல்லா வர ஆரம்பிச்சுருச்சு. இருநூத்தி நாப்பது, நூத்தித் தொண்ணூறு, முன்னூறு. ஒரு தடவை கூட, ஒரு தடவை கொறச்சலா, பாக்க அசலாட்டமே இருந்துச்சு. ப்ரசன்னா சிஸ்டருக்கு ஒரே சந்தோஷம். ஒம்போதுக்குக் கிட்னி அருமையா ஓடுதுன்னு டாக்டர்கிட்டச் சொன்னாங்க. டாக்டரும், சாப்பாடு இறங்கல, யூரின் நல்லாப் போகுது, அப்ப ட்ரிப்ஸ் ஏத்தலாம்னு ஏத்திக்கிட்டே இருந்தாரு.

ஆனா மாமி தேறல. வெள்ளிக்கிழமை காலையில போனா முகம் உப்பிக் கெடக்கு. காலை ஈரத் துணியால துடைச்சுவிட்டேன், என் விரல் பதிஞ்ச எடம் குழியா அப்படியே நின்னுச்சு. ரெண்டு வார்த்தை பேசிட்டு மூச்சு வாங்கறாங்க. நாலு லிட்டர் ஆக்சிஜன் எட்டாச்சு, மூக்குல இருந்த குழாயை எடுத்துட்டு மாஸ்க் வச்சாங்க. ரத்த ரிப்போர்ட் ரெண்டு நாள் கழிச்சு வந்துச்சு, லேப்புல அவ்வளவு கூட்டம். கிட்னி சரியில்லன்னா ஏறற கிரியாட்டினின் ஏறியிருக்குன்னு டாக்டர் சொன்னாரு. சொல்லிட்டு சார்ட்டைப் பாத்தாரு. யூரின் போகுதே, அப்ப கிட்னி திரும்புது, இது லங்ஸ்தான் மோசமாகுதுன்னு சிஸ்டர்கிட்டச் சொன்னாரு. ஐசியூல பெட்டு காலியானா மாத்தி, வென்டிலேட்டர் வைக்கணும்னாரு.

அன்னைக்கு மதியம்தான் அந்த ஜக் சில்லுன்னு இருந்துச்சு. நின்னு யோசிக்க நேரமில்ல, நாலாம் நம்பர்ல கத்துறாங்க, ஒம்போது எவ்வளவுன்னு சிஸ்டர் கேக்கறாங்க. முன்னூத்திப் பத்துன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு ஜக்கைக் கவுக்கும்போதுதான் கவனிச்சேன், நுரையும் இல்ல, நாத்தமும் இல்ல. மாஸ்க்கோட நாத்தம் எங்க தெரியும்னு நீங்க கேப்பீங்க. ஒரு வருஷம் செஞ்சு பாருங்க, தெரியும்.

வீட்டுக்குப் போயும் அதே நெனப்புதான். மாமி கட்டில் பக்கத்துல அரை லிட்டர் தண்ணி பாட்டில் இருக்கும். கூலர்ல இருந்து நான்தான் பிடிச்சு வைப்பேன். மூணு நாளா ஒரு ஷிப்டுக்கு ரெண்டு தடவை காலியாகுது. ஆனா மாமி உதடு வெடிச்சுக் கெடக்கு. மாத்திரை போடறப்போ ஒரு மடக்கு குடிக்கறதுதான் நான் பாத்திருக்கேன். அப்ப மீதித் தண்ணி எங்க போகுது?

ஒரே எடம்தான் இருக்கு. பாட்டில்ல இருந்து பெட்பானுக்கு, பெட்பான்ல இருந்து ஜக்குக்கு, ஜக்ல இருந்து சார்ட்டுக்கு. மாமி உடம்புக்குள்ள மட்டும் போகல.

சனிக்கிழமை எட்டு மணிக்கு உள்ள போனதும் முதல் வேலையா மாமி பக்கத்துல இருந்த பாட்டிலை எடுத்து என் டிராலியில வச்சுக்கிட்டேன். ஒரு கிளாஸ்ல பாதித் தண்ணி ஊத்தி நீட்டினேன். தாகமா இருந்தா இதைக் குடிங்க, வேணும்னா கூப்பிடுங்க, நானே வந்து கையில தர்றேன்னேன்.

மாமி மாஸ்க்குக்குள்ள இருந்து என்னையே பாத்தாங்க. முப்பத்தியோரு வருஷம் அடுத்தவங்க பிட்டைப் புடிச்சவங்க. புடிபட்டா எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

"எப்போ கண்டுபிடிச்சே?"

"நேத்து மதியம், மாமி. சில்லுன்னு இருந்துச்சு."

"சே," அப்படின்னாங்க. "வெய்யில்ல வச்சிருக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவங்களும் சிரிச்சாங்க, சிரிச்சதுல மூச்சு முட்டிக்கிச்சு. முதுகைத் தடவிவிட்டுத் திரையை இழுத்துக்கிட்டுப் பக்கத்துல நின்னேன். அப்பத்தான் விட்டு விட்டு எல்லாத்தையும் சொன்னாங்க.

வீட்டுக்காரருக்குக் கிட்னிதான். சர்க்கரையில போச்சாம். செவ்வாய், வியாழன், சனி, வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். மூணு வருஷம் இவங்கதான் ஆட்டோ வச்சுக் கூட்டிக்கிட்டுப் போனாங்களாம். குடிக்கற தண்ணி எவ்வளவு, போற தண்ணி எவ்வளவுன்னு நோட்டு போட்டு எழுதுவாங்களாம். எந்த நம்பரைப் பாத்தா டாக்டர் முகம் மாறும், எந்த நம்பரைப் பாத்தா அடுத்த பெட்டுக்கு நகந்துருவாருன்னு அவங்களுக்கு மனப்பாடம். அந்த மனப்பாடத்தை வச்சுத்தான் இங்க தண்ணி கலந்திருக்காங்க.

"அந்த மெஷின்ல ஏறினவா யாரும் இறங்கி நான் பாத்ததில்ல, வடிவு. பத்தாம் நம்பர் போனாளே, வந்தாளா? எனக்கு அது வேண்டாம். மூச்சு முட்டிப் போனாலும் போறேன், அந்த டயாலிசிஸ் நாற்காலில போய் உக்கார மாட்டேன். நீ யார்கிட்டயும் சொல்லப்படாது."

சொல்லிட்டு என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. கிளவுஸ் போட்ட கைதான். வீங்கின விரலுங்க, மோதிரம் சதைக்குள்ள பொதைஞ்சு கெடந்துச்சு.

நான் என்ன சொல்லியிருக்கணும்? சரி மாமின்னு சொன்னா அவங்களுக்கு நிம்மதி. எனக்கும் வேலைக்கு வம்பில்ல. ஆயா ஜக்கைத் தூக்கணும், வைத்தியம் பேசக்கூடாது. ஒருத்தி அப்படிப் பேசி சூப்பர்வைசர் அவளைத் தொரத்தியே விட்டுட்டாரு. சொன்னா மாமி எங்கிட்டப் பேச மாட்டாங்க, அதுவும் தெரியும். மறுபடியும் அந்த வார்டுல எனக்குத் தமிழ் கிடையாது.

ஆனா எனக்கு யோசனை ரொம்ப நேரம் ஓடல. ட்ரிப்ஸ் ஏறிக்கிட்டே இருக்கு. ஏறின தண்ணி வெளிய போக வழியில்ல. அடைச்ச தொட்டியில பைப்பைத் தொறந்துவிட்டா என்ன ஆகும், அதுதான் நெஞ்சுல ஏறுது. இவங்க லங்ஸ் லங்ஸ்னு வென்டிலேட்டருக்குக் கொண்டு போகப் போறாங்க. இது எனக்குத் தெரியுது, டாக்டருக்குத் தெரியல, ஏன்னா அவருக்கு நான் சொன்ன நம்பரு பொய்யி.

"மாமி, பன்னெண்டு மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வருவாரு. நீங்களே சொல்லிடுங்க. நான் உங்களைக் காட்டிக் கொடுக்க மாட்டேன். ஆனா ஜக்ல என்ன இருக்கோ அதைத்தான் சொல்லுவேன். அது என் வேலை."

மாமி கையை எடுத்துக்கிட்டாங்க. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க.

பன்னெண்டு மணிக்கு ஜெயந்த் டாக்டர் வந்தாரு. கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு, வீட்டுக்குப் போயி ரெண்டு நாள் ஆச்சாம். மாமி மூச்சை எண்ணினாரு, சார்ட்டைப் புரட்டினாரு. மாமி வாயைத் தொறக்கல. ஐசியூல ஒரு பெட்டு காலியாகப் போகுது, ஜல்தி பேப்பர் ரெடி பண்ணுங்கன்னு சிஸ்டர்கிட்டச் சொன்னாரு. சிஸ்டர் எப்பவும் போலக் குனிஞ்ச தலை நிமிராம, ஒம்போது எவ்வளவுன்னு கேட்டாங்க.

நான் பெட்பானை எடுத்து ஜக்ல ஊத்தினேன். காலையில இருந்து மொத்தம் அதுதான். கெட்டி டிக்காஷன் நெறம். அடியில கெடந்துச்சு.

"நாப்பது," அப்படின்னேன். அந்தக் கோடியில இருக்கற ஒண்ணாம் நம்பர் பெட்டுக்கும் கேட்டிருக்கும்.

சிஸ்டர் நிமிந்துட்டாங்க. டாக்டரும் திரும்பினாரு. இல்ல, மீதி கீழ கொட்டிடுத்து, அவளுக்குப் பாக்கத் தெரியலைன்னு மாமி இங்கிலீஷ்ல சொன்னாங்க. எனக்கு இங்கிலீஷ் பேச வராது, ஆனா என்னைப் பத்திப் பேசினா எந்த பாஷையிலயும் புரியும். சிஸ்டர் தரையைப் பாத்தாங்க. காலையில நான் துடைச்ச தரை, காஞ்சு கெடந்துச்சு.

"சிஸ்டர், காலையில தண்ணி பாட்டிலை நான் எடுத்து டிராலியில வச்சுட்டேன். அதுக்கு அப்புறம் வந்தது இவ்வளவுதான். புதன்கிழமை மதியத்துல இருந்து நான் சொன்ன நம்பர் எல்லாத்தையும் அடிச்சுடுங்க. அதுல தண்ணி இருக்கு."

 ஜெயந்த் டாக்டர் ஜக்கை என் கையில இருந்து வாங்கி வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு. பிறகு மாமி காலை ஒரு விரலால அமுக்கினாரு. குழி அப்படியே நின்னுச்சு. நேராப் போயி ட்ரிப்ஸை மூடினாரு. சிஸ்டர் ஓடிப் போயி மூத்திர ட்யூப்பும் பையும் எடுத்துக்கிட்டு வந்து போட்டாங்க. பையில இறங்கினது இருவத்தஞ்சு.

ஐசியூ பேப்பரைக் கிழிக்கல, ஓரமா வச்சாரு. இன்னைக்கே டயாலிசிஸ், உடம்புல தேங்கின தண்ணிய எடுத்தா மூச்சு தன்னால இறங்கும்னாரு. ஷ்ருதிக்குப் போன் போட்டுச் சொன்னாரு. அது அந்தப் பக்கம் அழுதுகிட்டே அப்பா டயாலிசிஸ்ல கெடந்த கதையைச் சொல்லிட்டு, சரின்னுச்சு. ஆனா மாமி தலையை ஆட்டல. கையெழுத்துப் பேப்பரைத் தள்ளிவிட்டாங்க. ஜெயந்த் டாக்டர் குனிஞ்சு, தனக்கு வந்த தமிழை எல்லாம் சேத்துப் பேசினாரு.

"மாமி, மாமாவோட கிட்னி தேஞ்சு போச்சு. பல வருஷம். உங்களோடது தேயல. அடி பட்டிருக்கு. அடி பட்டது ஆறலாம். ஆறற வரைக்கும் மெஷின் வேலை செய்யும். அவ்வளவுதான்."

"ஆறலாமா, ஆறுமா?" அப்படின்னாங்க மாமி. கணக்கு டீச்சராச்சே.

அவருக்குப் பொய் சொல்ல வரல. ஆறலாம்னாரு. பாவம், அடுத்த பெட்டுல கூப்பிட்டாங்க, ஓடிட்டாரு.

நான் நின்னேன். மாமி என்னைப் பாக்கல. போடின்னாங்க, உன்னை நம்பினேன் பாருன்னாங்க. நான் போகல.

"மாமி, ஒரு வருஷத்துல இந்த வார்டுல இருந்து டயாலிசிஸ் ரூமுக்குப் பதினோரு பேரைத் தள்ளிக்கிட்டுப் போயிருக்கேன். அஞ்சு பேரு மெஷினை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனாங்க. இந்தக் கண்ணால பாத்தேன்."

"மீதி ஆறு பேர்?"

"அஞ்சு பேரு இல்ல. ஒருத்தங்க, பத்தாம் நம்பர் அம்மா, ஐசியூல இருக்காங்க. இன்னும் தெரியல."

மாமி கண்ணை மூடிக்கிட்டாங்க. உதடு மட்டும் அசைஞ்சுது. கணக்குப் போடறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுது.

"அஞ்சு பை பதினொண்ணு. நாப்பத்தஞ்சு பர்சென்ட். பாதி கூட இல்ல."

"பாஸ் மார்க் முப்பத்தஞ்சுதானே, மாமி?"

கண்ணைத் தொறந்தாங்க. எம்மேல கோவம்தான், ஆனா வாய் ஓரத்துல ஒண்ணு வந்துருச்சு, மறைக்க முடியல. பாஸ் மார்க் வாங்கற பிள்ளைகளை நான் மதிச்சதே இல்லைன்னாங்க. நான், இன்னைக்கு ஒரு நாள் மதிங்கன்னேன். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிட்டு, நீ தள்ளிண்டு வருவியான்னு கேட்டாங்க. அப்பவே மணி ரெண்டாகப் போகுது. என் ட்யூட்டி முடியற நேரம். டிரஸ்ஸுக்குள்ள சட்டை பாவாடை எல்லாம் வேர்வையில ஒட்டிக் கெடந்துச்சு, தொண்டை வறண்டு போச்சு. வர்றேன்னேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாங்க, வீங்கின விரலால.

கழுத்துல ட்யூப் போட்டு மெஷினை ஓட விட்டாங்க. மாமி அந்த மெஷினைப் பாக்கவே மாட்டேன்னு செவரைப் பாத்துப் படுத்திருந்தாங்க. நான் அவங்களுக்கு முன்னாடி போயி நின்னுக்கிட்டேன், செவருக்குப் பதிலா என்னைப் பாக்கட்டும்னு. சும்மா நிக்காதே, ஏதாவது பேசுன்னாங்க. என்ன பேசறது? பதினஞ்சாம் வாய்ப்பாடு எனக்கு எப்பவும் வராது, அதைச் சொல்லிப் பாத்தேன். எட்டுப் பதினஞ்சு நூத்திப் பத்துன்னேன். நூத்தி இருபதுன்னாங்க கண்ணைத் தொறக்காமலே. சாயங்காலம் எட்டு லிட்டர் ஆக்சிஜன் ஆறாச்சு. மறுநாள் காலையில அஞ்சு. ஐசியூ பேப்பரை வேற ஒருத்தருக்கு எழுதினாங்க.

முதல் தடவை மெஷின்ல இருந்து வந்த அன்னைக்கும் பையில ஒண்ணும் சேரல. ரெண்டாவதுக்கும் அப்படித்தான். மாமி தினமும் என்னை எவ்வளவுன்னு கேப்பாங்க, நான் இருக்கறதைச் சொல்லுவேன். முப்பது. இருவது. ஒரு நாள் வெறும் பத்து. அந்தப் பத்தைச் சொல்ல என் வாய்க்கு வரல, நெசம்மா சொல்றேன். இருவதுன்னு சொல்லிடலாமான்னு ஒரு நொடி நெனச்சேன். அப்பத்தான் மாமி பாட்டிலைக் கவுத்தப்போ எப்படி இருந்திருக்கும்னு எனக்குப் புரிஞ்சுது. பத்துன்னேன். சரின்னாங்க. 

ப்ரசன்னா சிஸ்டர் அந்த வாரத்துல இருந்து ஒரு பழக்கம் வச்சுக்கிட்டாங்க. நான் நம்பரைச் சொன்னதும் எழுதறதுக்கு முன்னாடி, வடிவு, கை என்ன சொல்லுதுன்னு கேப்பாங்க. சரின்னா எழுதுவாங்க. சூப்பர்வைசர் எதுவும் சொல்லல, சொல்ல அவருக்கு நேரமும் இல்ல.

நாலாவது டயாலிசிஸ் முடிஞ்ச மறுநாள் பையில நூத்தம்பது சேந்துச்சு. அதுக்கு மறுநாள் நானூறு. ரத்தத்துல கிரியாட்டினின் ஏறாம நின்னுச்சு, அப்புறம் தானா இறங்க ஆரம்பிச்சுது. ஜெயந்த் டாக்டர் அஞ்சாவது தடவையைத் தள்ளி வச்சாரு. அப்புறம் வேண்டாம்னுட்டாரு. மாமி முகத்துல எலும்பு தெரிய ஆரம்பிச்சுது, மோதிரம் லூசாகி ஆடுச்சு.

மூத்திர ட்யூப்பை எடுத்த அன்னைக்கு மாமி எழுந்து கட்டிலோரம் இருக்கற அந்த ஓட்டை போட்ட நாற்காலியில உக்காந்தாங்க. மூக்குல ரெண்டு லிட்டர்தான் ஓடுது. நான் திரையை இழுத்துட்டு வெளிய நின்னேன். தண்ணி பாட்டில் என் டிராலியிலதான் இருந்துச்சு, அன்னையில இருந்தே அங்கதான் இருக்கு. ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்ல. உள்ள இருந்து, வடிவு நீ நகந்து போ, நீ நின்னா எனக்கு வரமாட்டேங்கறதுன்னாங்க. ரெண்டடி நகந்தேன். அப்புறம் வந்துச்சு.

பெட்பானை எடுத்து ஜக்ல ஊத்தினேன். ரெண்டு கையாலயும் புடிச்சேன்.

"தொட்டுப் பாத்தியா?" உள்ள இருந்து கேட்டாங்க.

"பாத்தேன், மாமி. வெதுவெதுன்னு இருக்கு."

"நம்பர்?"

அதைச் சிஸ்டருக்குச் சொன்னேன், அந்தக் கோடி வரைக்கும் கேக்கற மாதிரி. இருநூத்திப் பத்து. ப்ரசன்னா சிஸ்டர் இந்தத் தடவை கை என்ன சொல்லுதுன்னு கேக்கவே இல்ல, எழுதிட்டாங்க.

திரைக்குள்ள இருந்து மாமி, பத்தாம் நம்பர் என்ன ஆனாள்னு கேட்டாங்க. முந்தாநாள்தான் ஐசியூல விசாரிச்சேன். அந்த அம்மா கண்ணு முழிச்சுருச்சு, நர்ஸுங்களைப் பேட்டா பேட்டான்னு கூப்பிட ஆரம்பிச்சுருச்சு, மெஷின் மட்டும் இன்னும் ஓடுதுன்னேன்.

"அப்போ அவளை இப்போ எண்ணாதே," அப்படின்னாங்க. "என்னை எண்ணு."

எண்ணினேன். பன்னெண்டு பேருல ஆறு. ஜக்கைக் கழுவிக் கட்டிலுக்கு அடியில வச்சுட்டு, பத்தாம் நம்பர் பெட்டுக்கு நகந்தேன்.